கழுத்து வலித்தால் கர்மா கழிகிறதா?

சென்னை வேளச்சேரியிலிருந்து ஒரு வாசகி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் காட்டும் விவரங்களை நீக்கிவிட்டுச் சாரத்தை மட்டும் தருகிறேன்.

வயது 43, வங்கியில் வேலை. இரண்டு ஆண்டுகளாக ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறார். கொரோனா ஊரடங்கில் யூடியூப் பார்த்து யோகா பழகத் தொடங்கினார். தூக்கம் சரியானது, பிடித்துப்போனது. சென்ற ஆண்டு வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் ஒரு ஸ்டூடியோவில் 30,000 ரூபாய் கட்டி ஓராண்டுத் திட்டத்தில் சேர்ந்தார். சுற்றிலும் கண்ணாடி, உரத்த இசை, ஒரு வகுப்பில் இருபத்தைந்து பேர், 'பவர் யோகா'. மாதக் கடைசியில் 108 சூரிய நமஸ்காரம் என்று ஒரு சவால். முடித்தவர்களின் படம் இன்ஸ்டாகிராமில் வரும். நான்காவது மாதம் சிரசாசனம். பயிற்சியாளர் அவர் காலைப் பிடித்துத் தூக்கி நிறுத்தியிருக்கிறார். அன்று தொடங்கிய கழுத்துவலி இப்போது இடது தோள் வழியாக இறங்கி, விரல்கள் மரத்துப்போகின்றன. சொன்னபோது கிடைத்த பதில்: "உள்ளே இருக்கிற கழிவும் கர்மாவும் வெளியே போகுது, நிறுத்தாம செய்யுங்க." ரத்த அழுத்த மாத்திரையையும் மெல்ல விட்டுவிடலாம் என்றிருக்கிறார்கள். இதற்கு நடுவில் 1,20,000 ரூபாய்க்கு 200 மணி நேர ஆசிரியர் பயிற்சியில் சேரச் சொல்லி அழைப்பு வேறு.

"எல்லாம் வியாபாரம், பேசாமல் வாக்கிங் போ" என்கிறார் கணவர். கும்பகோணத்தில் இருக்கும் அப்பாவுக்கு 74 வயது. நாற்பது ஆண்டுகளாகக் காலையில் திண்ணையில் பாய் விரித்து ஆசனம் செய்கிறாராம். யாருக்கும் ஒரு ரூபாய் கொடுத்ததில்லை. "அதுதான் உண்மையான யோகா. அது இனி எங்கே கிடைக்கும்? ரிஷிகேஷில் ஒரு மாதம் தங்கிப் படிக்கலாமா? கட்டிய பணத்தில் மீதி திரும்பக் கிடைக்குமா?" என்று கேட்டு முடித்திருக்கிறார்.

அன்புள்ள வாசகிக்கு,

உண்மையான யோகா எங்கே என்ற கேள்விக்கு வருகிறேன். அதற்கு முன்னால் உங்கள் கழுத்தைப் பற்றிப் பேச வேண்டும். அது காத்திருக்கக் கூடிய விஷயம் இல்லை.

முதலில் மருத்துவர்

வலி கழுத்தோடு நிற்காமல் தோள், கை என்று இறங்கி விரல்கள் மரத்துப்போனால், கழுத்தெலும்புகளின் இடையிலிருந்து வெளிவரும் நரம்பு ஒன்று அழுத்தப்படுகிறதோ என்று சந்தேகப்பட வேண்டும். இந்த வாரமே ஓர் எலும்பு மருத்துவரையோ நரம்பியல் மருத்துவரையோ பாருங்கள். வலி இடது பக்கம் இருப்பதாலும் ரத்த அழுத்தம் இருப்பதாலும் ஒரு ஈசிஜியும் எடுத்துவிடுங்கள். பெரும்பாலும் ஒன்றும் இருக்காது, ஆனாலும் பார்க்காமல் விடக் கூடாது. கையில் பிடி தளர்ந்து டம்ளர் நழுவினாலோ, நடக்கும்போது கால் தடுமாறினாலோ, சிறுநீரை அடக்க முடியாமல் போனாலோ அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும். நெஞ்சில் அழுத்தம், குளிர்ந்த வியர்வை, மூச்சுத்திணறல் வந்தால் ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள்.

மருத்துவர் பார்த்துச் சொல்லும்வரை சிரசாசனம், தோளில் நிற்கும் சர்வாங்காசனம், படுத்தபடி காலைத் தலைக்குப் பின்னால் கொண்டுபோகும் ஹலாசனம், கழுத்தை வட்டமாகச் சுழற்றுவது எதுவும் வேண்டாம்.

தலைகீழாக நிற்பதில் நல்ல பழக்கம் உள்ளவர்கள் முன்கைகளால் தரையை அழுத்திப் பாரத்தை அங்கே வாங்கிக்கொள்வார்கள். அப்படியும் உடல் எடையில் ஏறத்தாழ பாதி வரை தலைக்குப் போகிறது என்று அளந்து பார்த்தவர்கள் சொல்கிறார்கள். தோளும் கையும் தயாராகாத ஒருவரின் காலை இன்னொருவர் தூக்கி நிறுத்தினால், அந்த எடை முழுக்கக் கழுத்தில்தான் இறங்கும். கண்ணுக்கும் இதில் பங்கு உண்டு. சிரசாசனத்தின்போது கண்ணுக்குள் இருக்கும் அழுத்தம் ஏறத்தாழ இரண்டு மடங்காகிறது என்று சென்னைக் கண் மருத்துவர்களே யோகா பழகியவர்களிடம் அளந்து 2006-ல் வெளியிட்டார்கள். உங்கள் குடும்பத்தில் யாருக்காவது கண் நீர் அழுத்த நோய் (கிளாகோமா) இருந்தால், கழுத்து சரியான பிறகும் அந்த ஆசனத்தின் பக்கம் போக வேண்டாம்.

கர்மா வெளியே போகிறது என்ற பதிலைப் படித்தபோது எனக்கு வருத்தமும் கோபமும் வந்தன. என் மருத்துவமனைக்கு வருகிறவர்கள் பலரும் இதே வார்த்தையைக் கேட்டுவிட்டு, வலியைப் பொறுத்துக்கொண்டு, நாள் கடந்துதான் வருகிறார்கள். உடலின் கழிவை வெளியேற்றுவது கல்லீரலும் சிறுநீரகமும். அது கழுத்து வழியாக வலியாகக் கிளம்பிப் போவதில்லை. பதஞ்சலியின் யோக சூத்திரத்தில் இருக்கும் சுமார் 195 சூத்திரங்களில் ஆசனத்தைப் பற்றியவை மூன்றுதான். அந்த மூன்றில் அவர் ஆசனத்துக்குக் கேட்பது அசையாத நிலையும் சுகமும். வலியைத் தாங்கச் சொல்லி அங்கே ஒரு வரிகூட இல்லை.

மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். மெதுவான மூச்சும் ஓய்வும் ரத்த அழுத்தத்தைக் கொஞ்சம் இறக்கும், அது உண்மைதான். ஆனால் சில மாத்திரைகளைச் சட்டென்று விட்டால் அழுத்தம் முன்பைவிட மேலே எகிறும். வீட்டிலேயே காலை, மாலை இரு வேளையும் இரண்டு வாரம் அளந்து ஒரு நோட்டில் எழுதி உங்கள் மருத்துவரிடம் காட்டுங்கள். குறைக்கலாமா என்பதை அந்த எண்களைப் பார்த்து அவர் முடிவு செய்யட்டும்.

நீங்கள் தேடும் பழைய யோகா

உங்கள் கடிதத்தின் அடியில் ஒரு நம்பிக்கை இருக்கிறது. ஐயாயிரம் ஆண்டுகளாக மாறாத ஒரு யோகா எங்கோ இருக்கிறது, வியாபாரம் வந்து அதைக் கெடுத்துவிட்டது, வியாபாரம் எட்டாத இடத்துக்குப் போனால் அது கிடைக்கும் என்பது. பலருக்கும் இருக்கும் நம்பிக்கைதான். ஆனால் நடந்த கதை வேறு.

திருமூலர் திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரத்தில் அட்டாங்க யோகத்தைச் சொல்கிறார். இயமத்தில் தொடங்கிச் சமாதிவரை போகும் வழி அது. அதில் அவர் பெயர் சொல்லும் ஆசனங்கள் பத்மாசனம், கோமுகம், சுகாசனம் என்று பெரும்பாலும் உட்காரும் நிலைகள். 15-ஆம் நூற்றாண்டின் யோக நூலான ஹடயோக பிரதீபிகை விளக்குவது பதினைந்து ஆசனங்களைத்தான், அவற்றிலும் பாதிக்கு மேல் உட்காருபவை. இன்று வகுப்புகளில் மூச்சு வாங்கச் செய்கிற, ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாவுகிற வரிசைகள் இப்போதைய வடிவத்துக்கு வந்தது கடந்த நூறு ஆண்டுகளுக்குள். சூரிய நமஸ்காரத்தை உடற்பயிற்சியாக ஊரெங்கும் பரப்பியவர் மராட்டிய தேசத்து ஔந்து சமஸ்தானத்தின் ராஜா. 1920-களில் அதைப் பற்றிப் புத்தகமும் எழுதினார்.

அப்புறம் மைசூர். 1930-களில் நான்காம் கிருஷ்ணராஜ உடையார் ஜகன்மோகன் அரண்மனையில் ஒரு யோகசாலை அமைத்துக்கொடுத்தார். அங்கே ஆசிரியர் திருமலை கிருஷ்ணமாச்சாரியார். எதிரில் நின்றவர்கள் பெரும்பாலும் அரண்மனை சார்ந்த சிறுவர்கள். துள்ளுகிற வயது, வளைகிற உடம்பு. அவர்களுக்கு ஏற்றாற்போல் அவர் வேகமான, தாவிச் செல்லும் வரிசைகளைக் கற்றுத்தந்தார். அங்கே படித்த பட்டாபி ஜோயிஸ் அந்த வேகத்தைத் தன் முறையாக வைத்துக்கொண்டார். அவரிடம் கற்க அமெரிக்கர்கள் மைசூருக்கு வந்தார்கள். அவர்கள் கொண்டுபோனது 1990-களில் அங்கே 'பவர் யோகா' என்று பெயர் மாறியது. அது திரும்பி வந்து, இப்போது வேளச்சேரியில் 43 வயதில் ரத்த அழுத்தத்தோடு இருக்கும் உங்களிடம் செய்யச் சொல்லப்படுகிறது. உங்களுக்கு நேர்ந்த சிக்கலின் வேர் இங்கேதான் இருக்கிறது. விடலைப் பையன்களுக்கென்று வகுத்தது உங்கள் மேல் அப்படியே இறக்கப்பட்டிருக்கிறது.

அதே கிருஷ்ணமாச்சாரியாரின் பிற்காலத்தைப் பாருங்கள். மைசூர் யோகசாலை 1950-ல் மூடப்பட்டது. 1952-ல், அறுபதைத் தாண்டிய வயதில், சென்னைக்கு வந்தார். இங்கே அவரிடம் வந்தவர்கள் நோயாளிகள், முதியவர்கள், குடும்பப் பெண்கள். சொல்லித்தருவதும் மாறியது. ஒருவருக்கு ஒரு நேரம், ஒருவருக்கு ஒரு பயிற்சி. மூச்சை முன்னே வைத்தார், ஆசனத்தை அதன் பின்னால் வைத்தார். அவருடைய மாணவர் பி.கே.எஸ். ஐயங்கார் சிறுவயதில் காசநோயால் நொந்த உடம்புக்காரர். புனேயில் கயிறு, கட்டை, நாற்காலி எல்லாம் வைத்து, வளையாத உடம்பும் ஆசனத்தில் நிற்க வழி கண்டார். இன்னொரு மாணவி இந்திரா தேவி 1940-களின் பிற்பகுதியில் ஹாலிவுட்டில் பள்ளி திறந்து மென்மையான யோகாவைச் சொல்லித்தந்தார். ஆசிரியர் ஒருவர்தான், அவரிடமிருந்து கிளம்பியவை இத்தனை.

இவற்றில் எது அசல் என்று என்னைக் கேட்டால், எதிரில் இருப்பவரைப் பார்த்துச் சொல்லித்தந்தது எதுவோ அதுவே அசல் என்பேன். எத்தனை ஆண்டு பழையது, எந்த ஊரிலிருந்து வந்தது, சமஸ்கிருதப் பெயர் சரியாகச் சொல்கிறார்களா என்பவை எல்லாம் இரண்டாம்பட்சம்.

உங்கள் அப்பாவிடமும் ஒரு விஷயம் கேளுங்கள். நாற்பது ஆண்டுகளில் எவற்றையெல்லாம் நிறுத்தினார், எப்போது, ஏன் என்று. "முன்பு சிரசாசனம் செய்வார், இப்போது செய்வதில்லை" என்று கடிதத்தில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். எனக்கு உங்கள் கடிதத்திலேயே முக்கியமான வரி அது. அவர் வயதுக்குத் தக்கபடி தன் பயிற்சியை மாற்றிக்கொண்டே வந்திருக்கிறார். திண்ணையையும் பாயையும் மட்டும் பார்த்தால் இது கண்ணில் படாது.

காசு வாங்கினால் போலியா?

உங்கள் கணவர் சொல்வதில் பாதி சரி. நடைப்பயிற்சி நல்லது, அதை விடாதீர்கள். ஆனால் காசு வாங்குவதாலேயே ஒரு வகுப்பு போலி ஆகிவிடாது. கிருஷ்ணமாச்சாரியாரும் அரண்மனைச் சம்பளத்தில்தான் கற்றுத்தந்தார். யோகசாலையின் பேர் பரவுவதற்காக ஊர் ஊராகப் போய் மேடையில் ஆசனம் செய்து காட்டியும் இருக்கிறார். நல்ல ஆசிரியருக்கும் வாடகை உண்டு, குழந்தைகளுக்குப் பள்ளிக் கட்டணம் உண்டு. மாதம் இவ்வளவு என்று நேராகச் சொல்லி வாங்குகிறவரிடம் எனக்கு மரியாதை அதிகம்.

இலவசம் என்பதாலேயே ஒன்று தூய்மையானதும் ஆகாது. ஜூன் 21 யோகா தினத்தன்று மைதானத்தில் ஐந்நூறு பேரோடு செய்வது உற்சாகம் தரும். ஆனால் உங்கள் கழுத்தை அங்கே யாரும் பார்க்கப்போவதில்லை. முதல் முகாம் இலவசம், அடுத்தது நன்கொடை, அதற்கடுத்தது தீட்சை, அப்புறம் 'உள்வட்டம்' என்று ஏணி வைத்து ஏற்றுகிற இடங்களும் இருக்கின்றன. அங்கே ஒவ்வொரு படியிலும் தொகை கூடும். கேள்வி கேட்பது ஒவ்வொரு படியிலும் குறையும்.

நான் கவனிக்கச் சொல்வது பணம் எதற்காக உங்களைப் பிடித்து வைக்கிறது என்பதை. ஓராண்டுக்கு முன்பணம் வாங்குவதும், சவாலை முடித்தால் படம் போடுவதும், உங்களுக்கு வலித்தாலும் விலக மனம் வராமல் செய்கிற ஏற்பாடுகள். நீங்களே எழுதியிருக்கிறீர்கள், "30,000 கட்டியாச்சே என்றுதான் ஐந்தாவது மாதமும் போனேன்" என்று.

ஸ்டூடியோவில் உங்களிடம் கையெழுத்து வாங்கிய படிவம் ஒன்றையும் இணைத்திருந்தீர்கள். 'எங்கள் வரிசை எங்களுக்கே உரியது, வெளியில் செய்யவோ சொல்லித்தரவோ கூடாது' என்கிறது அது. அதை நினைத்துப் பயப்படாதீர்கள். 26 ஆசனங்களும் இரண்டு மூச்சுப் பயிற்சிகளும் கொண்ட தன் வரிசைக்குப் பதிப்புரிமை கோரினார் அமெரிக்காவில் யோகா பள்ளிகள் நடத்திய பிக்ரம் சௌத்ரி. அப்படி ஒரு வரிசைக்குப் பதிப்புரிமை கிடையாது என்று அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் 2015-ல் தீர்ப்பளித்தது. ஒரு நிறுவனம் தன் பெயருக்கும் முத்திரைக்கும் உரிமை கொண்டாடலாம். வீட்டில் நீங்கள் புஜங்காசனம் செய்வதைத் தடுக்க யாராலும் முடியாது.

ரிஷிகேஷும் 200 மணி நேரமும்

ரிஷிகேஷ் போக ஆசை இருந்தால் போய் வாருங்கள். கங்கைக் கரையும் மலையும் மனதுக்கு இதம். அங்கே தெய்வீக வாழ்க்கைச் சங்கத்தை 1936-ல் நிறுவிய சுவாமி சிவானந்தர் நம் பத்தமடைக்காரர். துறவுக்கு முன் மலாயாவில் மருத்துவராக இருந்தவர். ஆனால் இன்றைய ரிஷிகேஷ் வேளச்சேரியைவிடப் பெரிய யோகா சந்தையும்கூட. ஒரு மாதத்தில் ஆசிரியராக்கி அனுப்பும் பள்ளிகள் அங்கே தெருவுக்குத் தெரு உண்டு. 200 மணி நேரத்தை 28 நாளில் முடிப்பதென்றால் ஒரு நாளைக்கு ஏழு மணி நேரம். உங்கள் கழுத்து இருக்கும் நிலையில் அது நடக்கிற காரியமில்லை.

சான்றிதழ் விஷயத்தில் ஒன்றைத் தெளிவாகத் தெரிந்துகொள்ளுங்கள். '200 மணி நேரம்' என்ற அளவை உலகமெங்கும் பரப்பியது அமெரிக்காவில் உள்ள யோகா அலையன்ஸ் என்ற தனியார் அமைப்பு. அது பள்ளிகளையும் ஆசிரியர்களையும் பதிவு செய்கிறது. அரசு உரிமம் தரும் அமைப்பு அல்ல. இந்தியாவில் ஆயுஷ் அமைச்சகத்தின் கீழ் 2018-ல் யோகா சான்றிதழ் வாரியம் வந்தது. எழுத்துத் தேர்வும் செய்முறைத் தேர்வும் வைத்துப் படிப்படியாகச் சான்று தருகிறது. ஆனால் வகுப்பு நடத்த அது கட்டாயம் இல்லை. நாளைக்கே யார் வேண்டுமானாலும் பலகை மாட்டிச் சொல்லித்தரத் தொடங்கலாம். அதனால்தான் சுவரில் மாட்டியிருக்கும் சான்றிதழோடு உங்கள் விசாரணையை நிறுத்திவிடக் கூடாது.

ஆசிரியராக வேண்டும் என்று உங்களுக்கே ஆசை இருந்தால் வயது ஒரு தடையே இல்லை. முதலில் இரண்டு மூன்று ஆண்டுகள் ஒரே ஆசிரியரிடம் பழகுங்கள். பிறகு தமிழ்நாடு உடற்கல்வியியல் பல்கலைக்கழகம், அண்ணாமலைப் பல்கலைக்கழகம் போன்றவற்றின் யோகா படிப்புகளைப் பார்க்கலாம். இப்போது 1,20,000 கட்ட வேண்டாம்.

முதல் சந்திப்பில் என்ன பார்ப்பது

புதிய இடத்துக்குப் போகும்போது நீங்கள் கேட்கும் கேள்விகளைவிட அவர்கள் உங்களைக் கேட்கும் கேள்விகள் முக்கியம். என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள், அறுவைசிகிச்சை நடந்திருக்கிறதா, எங்கே வலிக்கிறது, எப்படித் தூங்குகிறீர்கள், மாதவிலக்கு ஒழுங்காக வருகிறதா, எத்தனை மணி நேரம் நாற்காலியில் உட்காருகிறீர்கள். இவற்றைக் கேட்காமல் திட்டத்தின் விலையைச் சொல்லத் தொடங்கினால் எழுந்து வந்துவிடலாம்.

நல்ல ஆசிரியர் முதல் நாளில் எவ்வளவு சின்ன விஷயத்தைப் பார்ப்பார் என்று சொல்கிறேன். உங்களை நிற்க வைத்து, மூச்சை இழுத்துக்கொண்டே இரண்டு கைகளையும் மேலே தூக்கச் சொல்வார், விட்டுக்கொண்டே இறக்கச் சொல்வார். அவ்வளவுதான். ஆனால் அவர் பார்ப்பது கையை அல்ல. கை மேலே போய்ச் சேர்வதற்குள் மூச்சு தீர்ந்துவிடுகிறதா, தோள்கள் காதை நோக்கி ஏறுகின்றனவா, தாடை இறுகுகிறதா, நாலாவது தடவையில் வேகம் கூடுகிறதா என்று பார்ப்பார். இடது கை பாதியில் நின்றால் "அங்கேயே போதும், முழங்கையை மடக்கிக்கோங்க" என்பார். இருபத்தைந்து பேர் வகுப்பில், உரத்த இசையில், இதை யாராலும் பார்க்க முடியாது. வகுப்பில் எட்டுப் பத்துப் பேருக்கு மேல் இல்லாத இடத்தைத் தேடுங்கள். தொடக்கத்தில் சில மாதம் தனியாகவே கற்றுக்கொள்ள முடிந்தால் இன்னும் நல்லது.

"இன்றைக்கு இது வேண்டாம் சார்" என்று ஒரு முறை சொல்லிப் பாருங்கள். அவர் முகம் எப்படி மாறுகிறது என்று கவனியுங்கள். மாற்று சொல்கிறாரா, காரணம் கேட்கிறாரா, இல்லை எல்லார் முன்னாலும் 'பயப்படாதீங்க, மனசுதான் தடை' என்கிறாரா? என் அனுபவத்தில் ஓர் ஆசிரியரை அளக்க இதைவிட நல்ல வழி இல்லை.

தொடுவதைப் பற்றியும் பேசியாக வேண்டும். உட்கார்ந்து முன்னால் குனியும் பச்சிமோத்தானாசனத்தில் பயிற்சியாளர் உங்கள் முதுகில் சாய்ந்து அழுத்தினார் என்றும், சங்கடமாக இருந்தும் 'குரு ஸ்தானம்' என்று பேசாமல் இருந்தீர்கள் என்றும் எழுதியிருக்கிறீர்கள். கேட்காமல் தொடக் கூடாது. கேட்டாலும் வேண்டாம் என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. நேற்று சரி என்றது இன்றைக்கும் செல்லும் என்றில்லை. அது எல்லை மீறிய தொடுதல் என்று உங்களுக்குத் தோன்றினால், பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான 2013-ஆம் ஆண்டுச் சட்டம் அங்கே வேலை பார்க்கும் பெண்களுக்கு மட்டுமானது அல்ல, அந்த இடத்துக்கு வரும் பெண்ணும் புகார் தரலாம். பத்துப் பேருக்குக் குறைவாக வேலை பார்க்கும் இடமென்றால் மாவட்ட அளவில் இருக்கும் உள்ளூர்ப் புகார்க் குழுவிடம் போக வேண்டும்.

இன்னொன்று: நல்ல ஆசிரியர் நீங்கள் வீட்டில் தனியாகச் செய்ய வேண்டும் என்று விரும்புவார். இருபது நிமிடப் பயிற்சியை ஒரு தாளில் படம் போட்டுக் கொடுத்து, "ஒரு மாதம் செய்துவிட்டு வாங்க, மாத்தித் தரேன்" என்பார்.

சென்னையில் எங்கே போகலாம்

உங்களுக்குக் கழுத்துப் பிரச்சினையும் ரத்த அழுத்தமும் இருப்பதால் முதலில் மருத்துவப் பின்னணி உள்ள இடம்தான் சரி. அரும்பாக்கத்தில் அரசு யோகா மற்றும் இயற்கை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. அங்கே பார்ப்பவர்கள் ஐந்தரை ஆண்டுகள் படித்த மருத்துவர்கள். எலும்பு மருத்துவரின் சீட்டையும் ஸ்கேன் எடுத்திருந்தால் அதையும் கொண்டுபோங்கள்.

கிருஷ்ணமாச்சாரியாரின் மகன் டி.கே.வி. தேசிகாச்சார் 1976-ல் சென்னையில் தொடங்கிய கிருஷ்ணமாச்சார்ய யோக மந்திரம் தனித்தனியாகப் பார்த்துப் பயிற்சி வகுத்துத் தரும் வழியைச் சேர்ந்தது. ஐயங்கார் முறையில் தேர்ச்சி பெற்றவர்களும் நகரில் இருக்கிறார்கள். பல ஆண்டுப் பழக்கத்துக்குப் பிறகே அவர்களுக்குச் சான்று கிடைக்கும். கழுத்துவலிக்காரர்களை நாற்காலி, போர்வை வைத்துக் கையாள அவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

செலவு குறைவாக வேண்டும் என்றால் வேதாத்திரி மகரிஷியின் மனவளக்கலை மன்றங்கள். கூடுவாஞ்சேரியில் நெசவாளர் குடும்பத்தில் பிறந்தவர், உழைக்கிற மக்கள் எளிதாகச் செய்யும்படி அந்த உடற்பயிற்சியை வகுத்தார். பெரும்பாலான ஊர்களில் மன்றம் உண்டு. அங்கே சொல்லித்தருபவரிடம் உங்கள் ரத்த அழுத்தத்தை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அந்த வரிசையில் மூச்சை வேகமாக வெளியே தள்ளும் கபாலபதி வரும், உங்களுக்கு அது இப்போது வேண்டாம். மூச்சை வேகமாக இழுத்து விடும் பஸ்திரிகாவும் மூச்சை அடக்கும் கும்பகமும் வேண்டாம். மூச்சை அடக்காமல் மூக்குத் துளைகளை மாற்றி மாற்றிச் செய்யும் நாடிசுத்தி, வண்டுபோல் ரீங்கரிக்கும் பிராமரி, மெதுவாக நீட்டி விடும் மூச்சு, இவை போதும். மூக்கைக் கழுவும் ஜலநேதி சொல்லித்தந்தால் குழாய்த் தண்ணீரை அப்படியே எடுக்காதீர்கள். கொதிக்க வைத்து ஆறவைத்த தண்ணீர்தான். மூக்கு வழியாக மூளைக்குப் போகும் அமீபா அரிதானது, ஆனால் வந்துவிட்டால் பிழைப்பது கடினம்.

எங்கே சேர்ந்தாலும் முதல் மாதத்துக்கு மட்டும் கட்டுங்கள்.

கட்டிய பணம்

'கட்டிய கட்டணம் திரும்பத் தரப்படாது' என்று ரசீதில் அச்சடித்திருப்பதால் கதவு மூடிவிட்டது என்று நினைக்க வேண்டாம். உங்கள் உடல்நிலையைக் கேட்காமல் ஆபத்தான பயிற்சியில் நிறுத்தியதும், வலியைச் சொன்ன பிறகும் தொடரச் சொன்னதும் சேவைக் குறைபாடு என்று வாதிட இடம் இருக்கிறது. மருத்துவரைப் பார்க்கும்போது, எப்போது எப்படி வலி தொடங்கியது என்பதைச் சீட்டில் எழுதச் சொல்லுங்கள். ரசீது, நீங்கள் கையெழுத்திட்ட படிவம், வாட்ஸ்அப்பில் பயிற்சியாளரோடு பேசியது, அவர்கள் விளம்பரத்தின் படம், எல்லாவற்றையும் சேர்த்து வையுங்கள். வகுப்பில் வாயால் சொன்ன அந்தக் 'கர்மா' பதிலை இப்போதே தேதியோடு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் சண்டை போடாமல் ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள். மருத்துவக் காரணத்தால் தொடர முடியவில்லை, மீதி மாதங்களுக்கான தொகையைப் பதினைந்து நாளுக்குள் திருப்பித் தரவும் என்று நாலு வரி போதும். பல இடங்களில் மருத்துவச் சீட்டைக் கண்டதும் கொடுத்துவிடுவார்கள். இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதிலும் முடியாவிட்டால் 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் தரலாம். வழக்கறிஞர் கட்டாயமில்லை, 5 லட்சம் ரூபாய் வரையிலான விஷயத்துக்கு மனுக் கட்டணமும் இல்லை. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் தர வேண்டும்.

இந்த வேலைகளுக்கு அவசரமில்லை, அவகாசம் இருக்கிறது. எலும்பு மருத்துவருக்கு மட்டும் நாளைக் காலையிலேயே போன் செய்து நேரம் வாங்கிவிடுங்கள்.